மூன்று கல் உயரம்

கொலன்னாவை. சனசமூக நிலைய மண்டபம்.
ஒரு காற்றாடி சுற்றுகிறது, மற்றது சும்மா தொங்குகிறது.
பொறியியலாளர் விஜேகோன் வரைபடத்தை விரிக்க
மூலைகள் சுருண்டு சுருண்டு எழும்புகின்றன.
நாலு பிளேன்டீக் கோப்பைகளைப் பாரம் வைத்தோம்.
என் வேலை மொழிபெயர்ப்பு:
அவர் சிங்களத்தில் சொல்வதைத் தமிழில்,
இவர்கள் தமிழில் ஏசுவதைக்
கொஞ்சம் மரியாதை சேர்த்துச் சிங்களத்தில்.

படத்தில் ஓடை நீலம், ரோட்டு சாம்பல்.
இவர்களின் வீடுகள் வெறும் புள்ளிக்கோடு.
‘அனுமதியற்ற குடியிருப்பு’ என்று அடியில் ஒரு குறிப்பு.
அதை நான் மொழிபெயர்க்காமல் தாண்டினேன்.
எப்படியும் அவர்கள் வாசித்துவிட்டிருந்தார்கள்.

பிறகு அந்த நீளமான சொல் வந்தது.
அமைச்சின் கலைச்சொல் பட்டியலில் அதற்கு: தாங்குதிறன்.
“உங்கள் தாங்குதிறனைக் கூட்டுவதே இத்திட்டத்தின் நோக்கம்” என்றேன்.
பின்வரிசையில் இடியப்பக்காரி ரினோசா,
எழும்பாமலே:
“தாங்கிக்கிட்டு ஈக்கிறது நாங்கதானே தங்கச்சி,
இன்னும் எவ்வளவு கூட்டப் போறீங்க?”
மண்டபம் குலுங்கியது.
விஜேகோன் என் முகத்தைப் பார்த்தார்.
“சின்னதொரு விளக்கம் கேட்கிறார்” என்றேன்.

வெள்ளம் எத்தனை மீற்றர் வந்தது?
மீற்றர் இந்தத் தோட்டத்தில் செல்லாது.
ரினோசாவின் ஃபிரிட்ஜ் மூன்று கல்லின் மேல், நனைந்தது.
குசுமலதாவின் அலுமாரி இரண்டு கல், போயே போய்விட்டது.
கோழிக்கடை ஜெஸ்லி
கட்டிலுக்கு மேல் மேசை, மேசைக்கு மேல் மாமியார்,
மாமியார் நனையவில்லை, ஆனால் இன்றுவரை பேசுவதுமில்லை.
கல்லை நிறுத்தி வைத்ததா, படுக்க வைத்ததா?
அதில் மூண்ட சண்டை இரண்டு மொழியிலும் நடந்தது,
என்னை யாரும் தேடவில்லை.
ஒரு பையன் ஓடிப்போய்ப் புளொக்கல் ஒன்றைத் தூக்கி வந்தான்.
விஜேகோன் முழங்காலில் இருந்து அதை அளந்தார்.

பெர்னடெட் அதுவரை வாய் திறக்கவில்லை.
“ஓடை பெருகி வாறது ரெண்டாம் நாள், சேர்.
முதல்ல கக்கூஸ் குழி குமிழி விடும்.
டயர் ஸ்டோருக்கு அடியில ஒரு மதகு இருக்கு.
கட்டினவன் கொங்கிறீட் போட்டு மூடிட்டான்.
உங்கட படத்தில ஸ்டோர் இருக்கு,
மதகைக் காணல்லியே.”
அவர் பேனையை நீட்டினார்.
அவள் கோடு போட்டாள், கை நடுங்காமல்.
அதற்குப் பிறகு பேனை அவரிடம் திரும்பவே இல்லை.

நாலு மாதம் கழித்துப் புதுப் படம் வந்தது.
மதகு சிவப்பில். கற்களெல்லாம் சென்ரிமீற்றரில்.
பன்சலைக்குப் பின்னால், கார் நிறுத்தும் வளவில்
வட்டமாய், நீலமாய், ஒரு குளம்.
அங்கே எவரும் குளம் கேட்கவில்லை.
குனிந்து பார்த்தேன்: கோப்பையின் அடித்தடம்.
யாரோ கச்சேரியில் குந்தியிருந்து
கறையைச் சுற்றி ஒழுங்காக நீலம் தீட்டியிருக்கிறார்கள்.
விஜேகோனுக்கு வெட்கம், அழிப்பானைத் தேடினார்.

“அழிக்க வாணாம்” என்றாள் ரினோசா.
“அந்த வளவு முந்தி சதுப்புத்தான்,
மண் போட்டு நிரப்பினத்துக்குப் பொறகுதான்
தண்ணி எங்கட ஊட்டுக்கு வழி கண்டது.
தேத்தண்ணிக்குத் தெரிஞ்சது ஒங்களுக்குத் தெரியல்ல.”

கடைசி வரியை விழுங்கினேன்.
“வெள்ளநீரைத் தேக்க அந்த இடத்தை
மக்கள் முன்மொழிகிறார்கள்” என்றேன், சிங்களத்தில், நிமிர்ந்து நின்று.
விஜேகோன் எழுதிக்கொண்டார்.

ஐப்பசி மழை. இரவு பதினொன்றுக்கு ரினோசாவின் அழைப்பு.
ஓட்டில் மழை அடிக்கிற சத்தத்துக்குள்ளால்:
“மதகு ஒடைக்கல்ல. கொளம் கடதாசியிலதான்.
குழி குமிழி விடுது, நான் நாலு கல் வெச்சிட்டன்.
சும்மா சொல்லத்தான் எடுத்தேன்.
நீங்க ஈக்கிறது எத்தனையாம் மாடி, தங்கச்சி?”